மார்பு சிவந்து காய்ச்சல் அடிக்கிறது, அந்தப் பக்கத்துப் பாலைக் கொடுக்கலாமா?

கேள்வி இது: "மனைவிக்குப் பிரசவமாகி 19 நாள். நேற்று மதியத்திலிருந்து வலது மார்பின் வெளிப்பக்கம் கல் மாதிரி கெட்டிப்பட்டுச் சிவந்திருக்கிறது. ராத்திரி குளிர் நடுக்கத்தோடு 102 டிகிரி காய்ச்சல். அந்தப் பக்கத்துப் பால் பிள்ளைக்குச் சேராது, கொடுக்காதே என்கிறார் என் அம்மா. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து நன்றாகப் பிசைந்துவிட்டால் கட்டி கரையும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், போடலாமா?"

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நடுக்கத்தோடு 102 டிகிரி என்றால் இன்றைக்கே ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியோ ஆரம்ப சுகாதார நிலையமோ, எது கிட்டே இருக்கிறதோ அங்கே போங்கள். கிளம்பும் வரைக்கும், போய்வந்த பிறகும், அதே மார்பில் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். பிசையாதீர்கள். அந்த அட்டையைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும்.

இனி விவரம். நான் 26 வருஷம் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு, பால் கொடுப்பதில் சிக்கல் உள்ள பெண்களுக்கு ஆலோசனை சொல்லிவருகிறேன். நம் ஊரில் "பால் கட்டிக்கிச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நாலைந்து நிலைகள் இருக்கின்றன. எந்த நிலை என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே கைவைத்தியம் செய்வதில்தான் பாதிக் கோளாறு வருகிறது.

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இரண்டு மார்பும் ஒன்றாக விம்மிக் கனப்பது பால் இறங்கும் அறிகுறி. சிசேரியன் ஆகி நிறைய குளுக்கோஸ் ஏறியவர்களுக்கு இது இன்னும் அதிகமாக இருக்கும், ஏனென்றால் அந்த விம்மலில் பாலைவிட நீர்தான் அதிகம். அது தானாகவே இரண்டு மூன்று நாளில் வடியும். அடுத்தது, ஒரே இடத்தில் பட்டாணி அளவோ எலுமிச்சை அளவோ ஒரு கட்டி, தொட்டால் வலி, காய்ச்சல் இல்லை. இதைத்தான் "பால்குழாய் அடைத்துக்கொண்டது" என்கிறோம். அதற்கும் மேலே போனால் நீங்கள் எழுதியிருக்கிற நிலை: ஒரு பக்கம் மட்டும், ஆப்புத் துண்டு மாதிரி ஒரு பகுதி சிவந்து, கை வைத்தால் அடுப்பு மாதிரி சுட்டு, விண்விண்ணென்று தெறித்து, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலித்து, காய்ச்சல் வருவது. சிலருக்கு அக்குளில் நெறி கட்டும். டாக்டர்கள் மாஸ்டைட்டிஸ் என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். பிரசவமான முதல் ஆறு வாரத்தில், அதிலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் அதிகம் பார்க்கிறோம். உங்கள் மனைவியின் 19-ம் நாள் சரியாக அதற்குள் விழுகிறது.

கறுத்த நிறமுள்ள பெண்களுக்குச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. புத்தகத்தில் உள்ள படங்களெல்லாம் வெள்ளைத் தோல். நம் பெண்களுக்குத் தோல் கன்றினாற்போல் கருஞ்சிவப்பாகவோ, மினுமினுப்பாக இழுத்துப் பிடித்தாற்போலவோ இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்து இரண்டு மார்பின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நாங்கள் படித்த காலத்தில் பால்குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் மாதிரி, அதில் கட்டிப்பால் அடைத்துக்கொள்கிறது, அழுத்தித் தள்ளினால் வெளியே வரும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். 2005-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பால் கொடுக்கும் பெண்களின் மார்பை ஸ்கேனில் பார்த்தார்கள். குழாய்கள் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான், தோலுக்கு வெகு அருகில், லேசாக அழுத்தினாலே நசுங்கிவிடும்படி இருந்தன. அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற நூல்சிக்கல் போன்றவை. ஆக, பெரும்பாலும் நடப்பது இதுதான். பால் அதிகமாகச் சேர்ந்தோ, வெளியிலிருந்து அழுந்தியோ, குழாயைச் சுற்றியுள்ள சதை நீர்கோத்து வீங்குகிறது. அந்த வீக்கம் குழாயை வெளியிலிருந்து நெருக்கி மூடுகிறது. உள்ளே அடைத்துக்கொண்ட தக்கை என்று ஒன்றும் இல்லை. கணுக்கால் பிசகினால் வீங்குகிறதே, அந்த மாதிரி வீக்கம் மார்புக்குள் வந்திருக்கிறது. பிசகிய கணுக்காலை யாராவது போட்டுப் பிசைவார்களா?

நான் பிசைந்திருக்கிறேன், தம்பி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஆஸ்பத்திரியில், பால் கட்டிய பெண் வந்தால் சுடுதண்ணீரில் துண்டை முக்கிப் போட்டு, எண்ணெய் தடவி, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி உருட்டுவோம். ஒரு பெண் வலி தாங்காமல் தோளில் கிடந்த டவலைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, கரைஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். மறுநாள் மார்பு முழுக்க என் விரல் பட்ட இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. நாலாம் நாள் சீழ் கட்டி, கீறி எடுத்தார்கள். என் கையால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது, ஆனால் என் கை உதவவில்லை என்பது நிச்சயம். வீங்கிய சதையை அழுத்தினால் மெல்லிய ரத்தக் குழாய்கள் நசுங்கும், வீக்கம் கூடும், அந்த இடம் சீழ் பிடிக்கத் தோதாகிவிடும்.

2000-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மாஸ்டைட்டிஸ் ஆவணம் தேங்கிய பாலை வெளியேற்றுவதைத்தான் முதன்மைப்படுத்தியது. நாங்களும் "காலியாகும்வரை எடு, எடு" என்றே சொல்லிவந்தோம். 2022-ல் அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு தன் 36-ம் நெறிமுறையைத் திருத்தி எழுதியபோது அந்தப் போக்கை மாற்றியது: அழுத்திப் பிசையாதே, வழக்கத்துக்கு மேல் பம்ப் போட்டு எடுக்காதே, வீக்கத்தைக் குறை. எல்லா டாக்டர்களும் இன்னும் இதற்கு மாறிவிடவில்லை. சுடு ஒத்தடமே நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவள், புதிய முறையின் பக்கம்தான் நிற்கிறேன்.

பாலை நிறுத்துவதைப் பற்றி உங்கள் அம்மா சொல்வதற்கு வருகிறேன். அவர் பயம் புரிகிறது. கெட்டுப்போன இடத்திலிருந்து வருகிற பால் கெட்ட பால்தானே என்ற கணக்கு. ஆனால் அந்தப் பாலில் கிருமி இருந்தாலும் அது பெரும்பாலும் தாயின் தோலிலும் பிள்ளையின் வாயிலும் ஏற்கெனவே இருப்பதுதான். நல்லபடியாகப் பிறந்து வளரும் குழந்தைக்கு அந்தப் பாலால் கெடுதல் இல்லை. சட்டென்று நிறுத்தினால்தான் வம்பு: பால் தேங்கும், வீக்கம் ஏறும், சீழ்க் கட்டியாக முற்றும். பாலில் உப்பு கூடுவதால் சுவை மாறும். அதனால் குழந்தை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதைப் பார்த்து "பாத்தியா, புள்ளைக்கே தெரியுது" என்று வீட்டில் சொல்வார்கள். சில நாளில் சுவை திரும்பிவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் மாஸ்டைட்டிஸ் உள்ள பக்கத்தில் கொடுக்கக் கூடாது. பாலில் வைரஸ் அளவு ஏறிவிடும். அந்தப் பக்கத்தைப் பீய்ச்சி எடுத்துவிட்டு மற்றதில் கொடுக்க வேண்டும், எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் உடனே கேட்க வேண்டும்.

நிறுத்தக் கூடாது என்றால் அதிகமாக எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிள்ளை கேட்கும்போது கொடுங்கள், நாளைக்கு 8 முதல் 12 முறை வரும். நல்ல மார்பில் எப்படியோ அப்படியே வலிக்கிற மார்பிலும். அந்தப் பக்கத்தைக் காலி செய்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் பிறகு பம்ப் போட்டால், "இங்கே இவ்வளவு தேவைப்படுகிறது" என்று மார்பு நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கும். நெருக்கடி கூடும். பிள்ளை அந்தப் பக்கம் பிடிக்கவே மறுத்தால், ஒரு வேளை பிள்ளை குடிக்கும் அளவுக்குக் கையால் பீய்ச்சினால் போதும். இப்போதெல்லாம் பம்ப் வாங்கித் தருவது வளைகாப்புச் சீரில் சேர்ந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. பெட்டியைப் பிரித்து நாளைக்கு ஆறு தடவை போட்டுவிட்டு, "பால் நிறைய வருது, ஆனா கட்டிக்கிட்டே இருக்கு" என்று என்னிடம் வருபவர்கள் அதிகம்.

காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் விறைத்துப் பிள்ளையால் பிடிக்க முடியவில்லை என்றால் ஒரு வழி. பால் கொடுக்கும் முன், இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பை ஒட்டிச் சுற்றி வைத்து, நெஞ்செலும்புப் பக்கமாக மெல்ல அழுத்தி, ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருக்க வேண்டும். வலிக்கக் கூடாது. கோத்திருந்த நீர் பின்னால் விலகி, காம்பு மெத்தென்று ஆகும். பிள்ளை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ஐஸ். இதை எழுதும்போதே உங்கள் அம்மாவின் முகம் எனக்குத் தெரிகிறது. "பச்சை உடம்புக்காரிக்கு ஐஸா? ஜன்னி கண்டுரும்!" இதே வார்த்தையை நூறு வீட்டில் கேட்டிருக்கிறேன். ஜன்னி என்று அந்தக் காலத்தில் பயந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பையிலும் ரத்தத்திலும் கிருமி ஏறியதால் வந்த காய்ச்சல்தான், குளிர்ச்சியால் வந்ததில்லை. துணியில் சுற்றிய ஐஸ் துண்டையோ, ஃப்ரீசரில் வைத்த பட்டாணிப் பாக்கெட்டையோ சிவந்த இடத்தில் 10 முதல் 15 நிமிஷம் வைத்து எடுங்கள், மணிக்கு ஒரு தடவை வைக்கலாம். நேராகத் தோலில் படக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் சண்டை போடாதீர்கள். குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை பிராவுக்குள் வைப்பதற்கு அவ்வளவு எதிர்ப்பு வராது, வலியும் ஓரளவு அடங்கும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான துணியை ஒரு நிமிஷம் போட்டால் இதமாக இருக்கிறது என்று உங்கள் மனைவி சொன்னால் போடட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதுதான் கூடாது. அதில் தோல் வெந்துபோய் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கை வைத்துத்தான் ஆக வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தோன்றினால், வருடச் சொல்லுங்கள். காம்பிலிருந்து அக்குளை நோக்கியும், கழுத்துப்பட்டை எலும்பை நோக்கியும், மயிலிறகு படுகிற மாதிரி தோலை மட்டும் தொட்டு. முதலில் கழுத்தடியிலும் அக்குளிலும் சின்னச் சின்ன வட்டமாகப் பத்துத் தடவை, பிறகு இந்த வருடல். சதைக்குள் சேர்ந்த நீர் நிணநீர்ப் பாதை வழியாக வடிவதற்கு அது உதவும். "இது என்ன, தடவினாற்போலவே இல்லையே" என்று அவர் சொன்னால் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம்.

பற்றுப் போடுவது, மஞ்சள் அரைத்துத் தடவுவது இதெல்லாம் காம்பில் வெடிப்பு இருந்தால் வேண்டாம், பிள்ளையின் வாய்க்குப் போகும். மல்லிகைப்பூ விஷயம் மட்டும் கொஞ்சம் சுவாரசியமானது. மார்பில் மல்லிகைச் சரம் கட்டினால் பால் வற்றும் என்பது பாட்டிகள் சொன்னது. 1988-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதையே சோதித்து, பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார்கள். பால் குறைப்பதில் பூவும் ஏறக்குறைய மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது. அதனால்தான் சொல்கிறேன்: பால் தொடர்ந்து வேண்டும் என்கிற பெண்ணுக்கு, பால்கட்டுக்கு நல்லது என்று நாள்கணக்கில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டாதீர்கள். பிள்ளை இறந்து பிறந்து பால் சுரந்து தவிக்கும் தாய்க்கு அது வேறு கதை.

வலிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை போடலாமா என்று எல்லோரும் தயங்குகிறார்கள், "பால் வழியா பிள்ளைக்குப் போயிருமே" என்று. பாராசிட்டமால் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானது. 650 மாத்திரையை 6 மணி நேர இடைவெளியில் போடலாம், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். வீக்கம் குறைய இபுப்ரொஃபென் இன்னும் நன்றாக வேலை செய்யும்: 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒன்று. பாலில் மிக மிகக் கொஞ்சம்தான் வரும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, பிரசவத்தில் பிரஷர் ஏறியிருந்தது இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. காம்பிஃப்ளாமில் இபுப்ரொஃபெனும் பாராசிட்டமாலும் இரண்டுமே இருக்கின்றன. அதைப் போட்டுவிட்டு மேலே தனியாக டோலோவும் (அதுவும் பாராசிட்டமால்தான்) போட்டுக் கணக்கை ஏற்றிவிடாதீர்கள். ஆஸ்பிரின் வேண்டாம். கடையில் காகிதத்தில் மடித்துத் தருகிற "செட்" மாத்திரை வேண்டவே வேண்டாம், அதில் என்ன இருக்கிறதென்று கொடுத்தவருக்கே சொல்லத் தெரியாது.

இன்னொன்று, மழைக்காலத்தில் முக்கியம். மார்பில் சிவப்போ கட்டியோ இல்லாமல் காய்ச்சல் மட்டும் என்றால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். டெங்குவில் இபுப்ரொஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும்.

இந்த இடத்தில் "பால் காய்ச்சல்" என்ற பழைய சமாதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்தால் பால் காய்ச்சல்தான், தானாகப் போய்விடும் என்று விட்டுவிடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்குக் கர்ப்பப்பைக் கிருமி, சிறுநீர்த் தொற்று, சிசேரியன் தையலில் சீழ் என்று ஆபத்தான காரணங்கள் பல உண்டு. அதனால் டாக்டரிடம் போகும்போது, மார்பை மட்டும் காட்டிவிட்டு வராமல், உதிரப்போக்கில் நாற்றம் இருக்கிறதா, அடிவயிறு வலிக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலா, தையல் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைப்பாள், நீங்கள் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுங்கள்.

ஆன்டிபயாடிக் கேள்விக்கு வருகிறேன். மார்பு வீங்கிக் காய்ச்சல் வந்தாலே கிருமி என்று கிடையாது. வெறும் வீக்கமே நடுக்கமும் காய்ச்சலும் கொடுக்கும். பாதிப் பேருக்கு ஐஸ், இபுப்ரொஃபென், ஓய்வு என்று ஒரு நாளில் இறங்கிவிடுகிறது என்பது என் அனுபவம், கணக்கெடுத்துச் சொன்னதில்லை. 12 முதல் 24 மணி நேரத்தில் இறங்கவில்லை, அல்லது ஆரம்பத்திலேயே கடுமையாக இருக்கிறது, அல்லது காம்பில் வெடிப்பு விட்டுச் சீழோ பொருக்கோ தெரிகிறது என்றால் ஆன்டிபயாடிக் தேவை. உங்கள் விஷயத்தில் நேற்று மதியம் தொடங்கி ராத்திரி 102 ஏறியிருக்கிறது. அதனால் டாக்டர் இன்றே தொடங்கச் சொன்னால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பெரும்பாலும் குற்றவாளி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற தோல் கிருமி. சாதாரண அமாக்சிசிலினுக்கு அது மசியாது, அந்த மருந்தை உடைக்கும் என்சைம் அதனிடம் இருக்கிறது. அதனால் க்ளாக்சசிலின், ஃப்ளூக்ளாக்சசிலின் வகை, இல்லையென்றால் செஃபலெக்சின் 500 மில்லிகிராம் நாளைக்கு 4 வேளை, 10 முதல் 14 நாள் என்பது வழக்கமான சிகிச்சை. க்ளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலின் 625-ஐயும் நம் ஊரில் நிறைய எழுதுகிறார்கள், அதுவும் சரியே. தொண்டை வலிக்குக் கொடுக்கிற அசித்ரோமைசின் மூன்று நாள் அட்டையை மெடிக்கலில் நீட்டியிருந்தால், அது இதற்கு முதலில் கையில் எடுக்கிற மருந்து இல்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று முன்பே தெரிந்தால் சீட்டு எழுதும் முன் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. மாத்திரை போடும்போதும் பால் கொடுக்கலாம். பிள்ளைக்கு இரண்டு நாள் கொஞ்சம் இளக்கமாகப் போகலாம், அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்று அட்டையை அலமாரியில் வைத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் திரும்ப வரும்.

48 மணி நேரம் மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் ஸ்கேன் வேண்டும், எந்தக் கிருமி என்று பார்க்கப் பாலைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகைக் கிருமியாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. அல்லது சீழ் கட்டியிருக்கலாம். மாஸ்டைட்டிஸ் வந்தவர்களில் 100-க்கு 3 முதல் 11 பேருக்கு அப்படி ஆகிறது. கட்டியின் நடுப்பகுதி மெத்தென்று ஆகி, விரலால் தட்டினால் தண்ணீர்ப் பை போலத் தளதளக்கும். ஆழத்தில் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஸ்கேனில்தான் பிடிபடும். இப்போதெல்லாம் முதலில் கத்தி வைப்பதில்லை. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை உறிஞ்சி எடுக்கிறார்கள், ஓரிரு நாள் இடைவெளியில் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும். பெரிதாக இருந்தால் சின்னதாகக் கீறி வடிகுழாய் வைப்பார்கள். அப்போதும் பால் கொடுக்கலாம், காயத்தில் பிள்ளையின் வாய் படாதவரை.

இது எப்படி வந்தது என்று பார்த்துச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வரும். பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வுகிறதா என்று பாருங்கள். நன்றாகப் பிடித்திருந்தால் வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, முகவாய் மார்பில் புதைந்திருக்கும். குடித்து முடித்து வாயை எடுத்ததும் காம்பு ஒரு பக்கம் சரிந்து லிப்ஸ்டிக் முனை மாதிரி இருந்தால் பிடிப்பு சரியில்லை. அந்த நசுங்கலில்தான் வெடிப்பு வரும், வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழையும். காம்பு நுனியில் அரிசி முனை போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்தாதீர்கள்.

பிறகு சாப்பாடு. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு, வெந்தயம் என்று பால் ஊற எல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஏற்கெனவே பொங்கி வழிகிற மார்புக்கு "பால் ஊற" என்று தனியாக எதுவும் கொடுக்கத் தேவையில்லை, கொஞ்ச நாள் சாதாரணச் சாப்பாடே போதும். தண்ணீரைக் குறைக்கிற பத்தியத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், காய்ச்சலில் தாகத்துக்குக் குடிக்க வேண்டும். இறுக்கமான பிரா, கவிழ்ந்து படுப்பது, ஒரே பக்கமாகப் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு தூங்கிப்போவது, விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாலு மணி நேரம் பால் கொடுக்காமல் இருப்பது, இவையும் காரணங்கள்தான். பெயர்சூட்டு விழா முடிந்த மறுநாள் பால் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைத் திருஷ்டி என்பார்கள். சுற்றிப் போடட்டும், பரவாயில்லை, கூட ஐஸும் வைக்கட்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், பயமுறுத்த அல்ல. மருந்து முடித்து இரண்டு வாரம் ஆகியும் சிவப்பு போகவில்லை, தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி குழி குழியாக இருக்கிறது, காம்பு உள்ளே இழுக்கிறது என்றால், பால் கொடுக்கும் வயதுதானே என்று விடாமல் மார்புச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிதாக அது புற்றுநோயாக இருக்கும், மாஸ்டைட்டிஸ் வேஷத்தில் வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ் வைத்து ஆறாமல் கசிந்தால் காசநோயையும் பார்க்க வேண்டும், நம் நாட்டில் மார்பிலும் அது வருவதுண்டு.

உங்கள் வேலை இப்போது இது. ஒரு பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். நாலு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தால் டாக்டரிடம் சொல்ல உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும். காய்ச்சலை மாத்திரைக்கு முன் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பிள்ளையைத் தூக்கி வந்து அவளிடம் கொடுப்பதும், குடித்த பிறகு தோளில் போட்டுத் தட்டுவதும் உங்களுடையது. அவள் படுத்திருக்கட்டும். தலைசுற்றல், மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, இதயம் படபடவென்று அடித்துக்கொண்டே இருப்பது, இதில் எது வந்தாலும் நாளைக் காலை வரை பார்ப்போம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வேறு சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது.

காய்ச்சல் விட்ட பிறகும் அந்த இடத்தில் ஒரு சின்னக் கெட்டி ஒரு வாரம் பத்து நாள் இருக்கலாம், அதைத் தேய்த்துக் கரைக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் பால் கொஞ்சம் குறைந்தாற்போல இருக்கும், பிள்ளை குடிக்கக் குடிக்கத் திரும்பிவிடும். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் என்ன மருந்து எழுதினார், காய்ச்சல் எவ்வளவு என்று எழுதுங்கள்.